பிரஷர் சரியாக இருந்தாலும் இரத்தம் போய்க்கொண்டிருக்கலாம்

ஜி.எஸ்.டி. சாலையிலோ ஓ.எம்.ஆரிலோ இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரின் உறவினர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும், "பிரஷர் எவ்வளவு இருக்கு டாக்டர்?" என்பதுதான். 120 என்றதும் அவர்கள் அடையும் நிம்மதி எப்போதும் நியாயமானதல்ல.

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் முக்கால் லிட்டர் வரை போனால் ஆரோக்கியமான உடல் சமாளித்துக்கொள்ளும். இழப்பு ஒன்றரை லிட்டரை நெருங்கும்போதும், இளம் வயதினரிடம் இரத்த அழுத்தத்தின் மேல் எண் குறையாமலே இருக்கக்கூடும். ஏனெனில் இதயத்தை வேகமாகத் துடிக்க வைத்தும், தோலுக்கும் குடலுக்கும் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கியும், மூளைக்கும் இதயத்துக்கும் சேர வேண்டியதை உடல் எப்படியாவது சேர்த்துவிடுகிறது. அந்தத் தாங்குதிறன் தீர்ந்த பிறகே அழுத்தம் சரிகிறது. சரியத் தொடங்கினால் மளமளவெனச் சரிகிறது.

ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்திய இளைஞர் ஒருவர், சிராய்ப்பு தவிர வேறு காயமின்றி நடந்தே உள்ளே வந்தார். தெளிவாகப் பேசினார், ஆனால் தாகமாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பத் தண்ணீர் கேட்டார். அழுத்தம் 118/94, நாடித்துடிப்பு 124. மே மாத வெயிலில் வந்தவரின் உள்ளங்கை சில்லிட்டுப் பிசுபிசுத்தது. நகத்தை அழுத்தி விட்டபோது சிவப்பு திரும்ப நான்கு விநாடிக்கு மேலானது. வயிற்றை ஸ்கேன் செய்தபோது மண்ணீரலைச் சுற்றி இரத்தம் தேங்கியிருந்தது. 118-ஐ மட்டும் பார்த்து ஆறுதல் அடையாமல், மேல், கீழ் அழுத்தங்களுக்கிடையே இடைவெளி குறுகியிருந்ததைக் கவனித்ததால்தான் அவரை நேரத்தோடு அறுவை அரங்குக்கு அனுப்ப முடிந்தது.

ஹீமோகுளோபின் சோதனையும் தொடக்கத்தில் இப்படியே ஏமாற்றும். சிவப்பணுக்களும் நீர்ப்பகுதியும் ஒரே விகிதத்தில் வெளியேறுவதால், முதல் அறிக்கை ஏறக்குறைய பழைய எண்ணையே காட்டும். இதயத்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கோ நாடித்துடிப்பே உயராமல் போகலாம். ஆகையால் மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

விபத்து மட்டுமே காரணமன்று. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு, கருக்குழாயில் தங்கிய கரு வெடிப்பது, மூட்டுவலிக்கென மருந்துக்கடையில் தாமாக வாங்கி நாள்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரையால் இரைப்பையில் ஏற்படும் புண் ஆகியவையும் இதே நிலைக்குக் கொண்டுவரும். தார் போன்ற கருப்பு மலமும் எழுந்து நின்றால் தலைசுற்றலும் இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

"ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஓட்டை அடைபடாத குடத்தில் நீர் ஊற்றிப் பயனில்லை. மிகுதியான சலைன், இரத்தம் உறைய உதவும் பொருள்களை நீர்க்கச் செய்து, உடலையும் குளிர்வித்து, கசிவைக் கூட்டிவிடும். இரத்தமும் பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் உரிய விகிதத்தில் ஏற்றுவது, உடல் சூட்டைக் காப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கசியும் இடத்தைக் கண்டு நிறுத்துவது ஆகியவையே சிகிச்சை.

சாலையில் அருகிலிருப்பவர் செய்ய வேண்டியது, 108-ஐ அழைத்துவிட்டு, சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, நின்றுவிட்டதா என்று எடுத்தெடுத்துப் பார்க்காமல் இறுக அழுத்திக்கொண்டிருப்பது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதுவும் அப்பாதீர்கள். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். குடிக்க எதுவும் தராமல், படுக்க வைத்துப் போர்த்துங்கள். செலவை எண்ணித் தயங்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

விபத்து நடந்த நேரத்தையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். இரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தை, காயம் பட்டு 3 மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பலன் உண்டு. அதற்குப் பின் கொடுத்தால் தீங்காகவும் முடியலாம் என்பதால், அந்த ஒரு தகவலை வைத்துத்தான் நாங்கள் முடிவெடுக்கிறோம்.