இரும்புச்சத்து சிரப்: பாட்டிலில் எந்த வரியைப் படிக்க வேண்டும்?

குழந்தைக்கு இரும்புச்சத்து சிரப் எழுதிக் கொடுத்தால், பெற்றோர் பலர் பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டுக் கேட்கிறார்கள்: “மெத்தில் பாரபென்னு போட்டிருக்கே டாக்டர், கொடுக்கலாமா?” கேட்பது நல்லதுதான். ஆனால் கவலை தவறான வரியில் போய் நிற்கிறது.

சிரப்பில் தண்ணீர் இருக்கிறது. டிராப்பரைக் குழந்தையின் வாயில் வைத்துவிட்டு அப்படியே பாட்டிலுக்குள் விடும் வீடுகளும் உண்டு. பாரபென், சோடியம் பென்சோயேட் போன்ற பிரிசர்வேட்டிவ் இல்லையென்றால் கிருமியும் பூஞ்சையும் அதில் எளிதாக வளரும்.

அளவைப் பார்ப்போம். மெத்தில் பாரபென் 0.2 சதவீதம் என்றால் 5 மில்லியில் 10 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு அது கிலோவுக்கு 1 மில்லிகிராம். உணவு வழியாகத் தினமும் சேரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004-ல் சொன்ன வரம்பு கிலோவுக்கு 10. புரொபைல் பாரபென் விஷயத்தில் நான் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பேன். இளம் எலிகளின் இனப்பெருக்க உறுப்புகளில் பாதிப்பு தெரிந்ததால் அதற்கு அப்போது வரம்பே வகுக்கவில்லை. மருந்துகளில் அது சேர்வது மிகக் குறைவு என்றாலும், கைக்குழந்தைக்கு அது இல்லாத மருந்து கிடைத்தால் அதையே எழுதுவேன்.

பிரிசர்வேட்டிவ் உயிரைப் பறித்ததும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், ரத்தக் குழாயில் செருகிய குழாய்களைக் கழுவப் பயன்பட்ட உப்புநீரில் இருந்த பென்சைல் ஆல்கஹால், குறைமாதக் குழந்தைகளின் உடலில் சேர்ந்து, மூச்சுத் திணறி இறக்கும் நிலைக்குக் கொண்டுபோனது. அதை உடைத்து வெளியேற்றும் அளவுக்கு அவர்களின் கல்லீரல் முதிர்ந்திருக்கவில்லை. அதனால் பிறந்த குழந்தைக்கு, அதுவும் குறைமாதக் குழந்தைக்கு, எந்த மருந்தையும் சொந்தமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஓடி விளையாடும் குழந்தையின் கணக்கு வேறு.

சரி, எந்த வரியைப் படிப்பது? “எலிமென்டல் அயர்ன்” எவ்வளவு என்ற வரியை. 300 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பில் நிஜமான இரும்பு சுமார் 60 மில்லிகிராம்தான். ரத்தசோகைக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் கொடுக்கிறோம். அதே கிலோ கணக்கில் 20-ஐத் தாண்டினால் வயிறு பாதிக்கப்படும், 60-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சொட்டு மருந்து பெரும்பாலும் சிரப்பைவிடச் செறிவானது. மில்லிக்கு 25 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தை, சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 125 மில்லிகிராம் உள்ளே போய்விடும். சமையலறை ஸ்பூனை விட்டுவிட்டு, அந்தப் பாட்டிலோடு வந்த அளவுக்கருவியையே பயன்படுத்துங்கள். அப்புறம், மலம் கருப்பாகப் போனால் பயம் வேண்டாம். அது இரும்பின் நிறம்.

எனக்கு அதிகக் கவலை தருவது பெரியவர்களின் மாத்திரைதான். கர்ப்பிணிகளுக்கான 60 மில்லிகிராம் மாத்திரைகள் பலவும் மிட்டாய் போலவே இருக்கும். பத்தை விழுங்கினால் 10 கிலோ குழந்தைக்கு அது கிலோவுக்கு 60. சிறு குழந்தைகளின் நச்சு மரணங்களுக்கு இரும்பு ஒரு முக்கியக் காரணமாக இருந்ததால்தான், 1997-ல் அமெரிக்கா இந்த மருந்துகளின் லேபிளில் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அட்டையோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். முதல் சில மணி நேரம் வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும். பிறகு குழந்தை தேறிவிட்டது போலத் தெரியலாம். அதைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. அந்த இடைவெளியிலும் இரும்பு கல்லீரலையும் இதயத்தையும் தாக்கிக்கொண்டிருக்கலாம்.