லாக்கை அழித்தாயிற்று, இடம் எங்கே?

விடியற்காலை மூன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தால் எங்கள் தொழிலில் பெரும்பாலும் ஒரே செய்திதான்: டிஸ்க் நிரம்பிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி அழைத்தவர், ஒரு நிறுவனத்தின் பில்லிங் சர்வரைக் கவனித்துவந்த இரவுப் பணி இளைஞர். "38 ஜிபிக்கு ஒரு லாக் கோப்பு இருந்தது சார், அழித்துவிட்டேன். இன்னும் நூறு சதவீதம் என்றுதான் காட்டுகிறது" என்றார். குரல் கம்மியிருந்தது. லாக் என்பது, நிரல் தன் வேலைகளையும் பிழைகளையும் வரிவரியாக எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு.

டிஸ்க்கில் எவ்வளவு இடம் செலவானது என்று காட்டும் டிஎஃப் கட்டளை, 50 ஜிபி டிஸ்க்கும் தீர்ந்துவிட்டது என்றது. டியூ கட்டளையோ இருக்கிற கோப்புகளையெல்லாம் கூட்டி 9 ஜிபி சொச்சம் என்றது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. யூனிக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை எடுப்பது பெயரை மட்டும்தான். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றினால் உள்ளே குடியிருப்பவர் காலி செய்துவிடுவாரா? கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் அதை மூடும்வரை டிஸ்க்கில் அதன் இடம் அப்படியே இருக்கும். போதாததற்கு, நிரல் அதில் தொடர்ந்து எழுதிக்கொண்டும் இருக்கும். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை, பெயர் இழந்தவற்றை மட்டும் காட்டும் +எல்1 சேர்த்து ஓட்டச் சொன்னேன். 'டிலீட்டட்' என்ற குறிப்போடு அந்த 38 ஜிபியும் ஒற்றை வரியில் வந்து நின்றது. நிரலை நிறுத்தித் தொடங்கியதும் இடம் திரும்பியது. அழிப்பதற்குப் பதில் ட்ரங்கேட் கட்டளையால் கோப்பைக் காலியாக்கியிருந்தால் நிரலை நிறுத்தவே வேண்டியிருந்திருக்காது.

லாக் அளவில்லாமல் வளராதபடி அவ்வப்போது பழைய கோப்பை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் லாக் சுழற்சியின் சூட்சுமமும் இதுவேதான். லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் லாக்ரொட்டேட், பழைய கோப்புக்கு வேறு பெயர் சூட்டிவிட்டுப் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி வைக்கிறது. எழுதுகிற நிரலுக்கு அது தெரியாது. வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் என்றால் யுஎஸ்ஆர்1, லாக்குகளைத் தொகுக்கும் ஆர்சிஸ்லாக் என்றால் எச்யுபி என்று சிக்னல் (ஓடும் நிரலுக்குத் தரும் குறிப்பு) அனுப்பித்தான் தெரிவிக்க வேண்டும். லாக்ரொட்டேட்டின் அமைப்புக் கோப்பில் போஸ்ட்ரொட்டேட் பகுதி இருப்பது அதற்காகத்தான். அதை எழுத மறந்த சர்வரைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம்: புதிய கோப்பு பூஜ்யம் பைட்டில் கிடக்கும், .1 என்று முடியும் பழைய கோப்பு கொழுத்துக்கொண்டே போகும். டிலேகம்ப்ரஸ் என்ற வரியைத் தேவையில்லை என்று நீக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சிக்னல் கிடைத்த பிறகும் சில நிரல்கள் சற்று நேரம் பழைய கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும். அதை உடனே சுருக்கினால் அந்தக் கடைசி வரிகள் போய்விடும். அதனால்தான் சுருக்குவதை அடுத்த சுழற்சிவரை தள்ளிவைக்கிறோம்.

சிக்னல் தொல்லையே வேண்டாம் என்று பலர் காப்பிட்ரங்கேட்டுக்குத் தாவுகிறார்கள். கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்யும் முறை இது. நகலெடுத்து முடிவதற்கும் காலி செய்வதற்கும் இடையில் எழுதப்பட்ட வரிகள் எங்கும் இருக்காது. தவிர, நகலெடுக்க அதே அளவு இடமும் வேண்டும். மூச்சுத் திணறும் டிஸ்க்கில் 38 ஜிபியை நகலெடுப்பது எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்ப்பதுதான். சிக்னலை மதிக்கவே மதிக்காத நிரல்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் பணம் பதிவாகும் லாக்குக்கு நான் ஒருபோதும் வைக்கமாட்டேன்.

அந்த பில்லிங் சர்வரில் சுழற்சியே அமைக்கவில்லையோ என்று நினைப்பீர்கள். அமைத்திருந்தார்கள். சைஸ் 100 எம்பி, ரொட்டேட் 7 என்று, அதாவது 100 எம்பியைத் தாண்டினால் சுழற்று, பழைய பிரதிகள் ஏழு வைத்திரு என்று அழகாக எழுதியிருந்தார்கள். பின் எப்படி 38 ஜிபி? லாக்ரொட்டேட் இரவு பகலாக விழித்திருக்கும் காவலாளி இல்லை என்பது முதல் விஷயம். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அல்லது சிஸ்டம்டி டைமர் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறைதான் அதை எழுப்புகிறது. 100 எம்பி என்ற வரம்பை அது பார்ப்பது எழுந்த அந்த நேரத்தில் மட்டுமே. பிழைச் செய்திகளைக் கொட்டும் நிரல் ஒன்று அடுத்த விழிப்புக்குள் பல ஜிபியை எழுதித் தள்ளிவிடலாம். யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் இதே வேலையைப் பார்க்கும் நியூசிஸ்லாக், இயல்பாகவே மணிக்கு ஒரு முறை ஓடுகிறது; லினக்ஸிலும் வேகமாக வளரும் லாக்குகளுக்கு அப்படி அமைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் யோசிக்காமலே விட்டுவிடுகிறோம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் இயல்பாக வருவது வாரம் ஒரு சுழற்சி, நான்கு பிரதிகள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்கச் சொல்கிறது. ஏதாவது ஊடுருவல் நடந்து விசாரணை என்று வந்தால், ஐந்து வாரங்களுக்கு முந்தைய கோப்பைக் கேட்பவர்களிடம் "அது சுழன்றுவிட்டது" என்று சொல்ல முடியாது.

நிரல்களைக் கன்டெய்னர் என்னும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதன் வழக்கமான ஜேசன்-ஃபைல் லாக் முறைக்கு இயல்பில் அளவு வரம்பே கிடையாது. அந்தக் கோப்புகள் லாக்குகள் வழக்கமாக இருக்கும் வார் லாக் கோப்புறையில் இருப்பதில்லை, ஆகவே உங்கள் லாக்ரொட்டேட் அமைப்பு அவற்றை எட்டிப்பார்ப்பதும் இல்லை. டாக்கரின் அமைப்புக் கோப்பான டீமன்.ஜேசனில் மேக்ஸ்-சைஸ், மேக்ஸ்-ஃபைல் இரண்டையும் எழுதுங்கள். ஏற்கெனவே ஓடும் கன்டெய்னர்களை அது கட்டுப்படுத்தாது, அவற்றைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

மறுநாள் பகலில் அந்த சர்வரை நிதானமாகப் பார்த்தோம். லாக்ரொட்டேட் ஒவ்வொரு கோப்பையும் கடைசியாக எப்போது சுழற்றியது என்பதை வார் லிப் கோப்புறைக்குள் ஒரு சிறிய கோப்பில் குறித்து வைக்கிறது. மற்ற லாக்குகளுக்கெல்லாம் அண்மைத் தேதிகள் இருந்தன. பில்லிங் லாக்குக்கு மட்டும் ஐந்து மாதம் முந்தைய தேதி. எதையும் மாற்றாமல் என்ன செய்வேன் என்று மட்டும் சொல்லும் -டி விருப்பத்துடன் ஓட்டியபோது காரணம் தெரிந்தது: தாய்க் கோப்புறையின் அனுமதிகள் பாதுகாப்பற்றவை, அதனால் இதைத் தாண்டிச் செல்கிறேன் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டது. அந்தக் கோப்புறை 777, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலையில் கிடந்தது. தினமும் அதைத்தான் சொல்லியிருக்கிறது, நிர்வாகிக் கணக்கான ரூட்டின், யாரும் திறக்காத அஞ்சல்பெட்டியில். எஸ்யு என்ற ஒற்றை வரியில் எந்தப் பயனராகச் சுழற்ற வேண்டும் என்று குறிப்பிட்டு, கோப்புறையின் அனுமதியையும் பழையபடி இறுக்கினோம்.

ஐந்து மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று அவர்களுடைய பராமரிப்புக் குறிப்பேட்டைப் புரட்டினோம். பழைய தேதிக்கு அடுத்த நாள், யாரோ எழுதியிருந்தார்கள்: "லாக் எழுத முடியவில்லை என்று பிழை. கோப்புறைக்கு 777 கொடுத்தேன். இப்போது சரி."