சோத்தையும் நிறுக்கணுமா? வடசென்னை வீடுகளில் கரண்ட், கேஸ், குப்பைக் கணக்கு

வீட்டு எரிசக்தியைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஈபி கார்டை. வடசென்னையில் பல இடங்களில் அந்தக் கேள்வியிலேயே கணக்கு பிசகிவிடும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை சந்துகளில் ஒரே காம்பவுண்டுக்குள் நான்கைந்து குடித்தனங்கள் இருக்கும். கார்டு ஹவுஸ் ஓனரிடம். குடியிருப்பவருக்குத் தெரிந்ததெல்லாம் சப்-மீட்டரும், யூனிட்டுக்கு ஓனர் சொல்லும் ரேட்டும்தான். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016-இல் வந்தது. ஆனால் ஒரே கனெக்‌ஷனை நான்கு குடும்பம் பங்கு போட்டால் அந்த இலவசத்தையும் பங்குதான் போட வேண்டும். மொத்த ரீடிங் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலையும் போய்விடும். இந்த லட்சணத்தில் "மாசம் கரண்டுக்கு எவ்ளோ கட்றீங்க?" என்று கேட்டு, வரும் ரூபாயை யூனிட்டாக மாற்றி எழுதும் ஆய்வுப் படிவங்களை நான் நம்புவதில்லை.

வீடு வீடாகப் போய் கரண்ட், கேஸ், சமையலறைக் கழிவு மூன்றையும் அளப்பது என் தொழில். கேட்டு எழுதும் கணக்கும் நிறுத்து எழுதும் கணக்கும் ஒத்துப்போய் நான் பார்த்தது குறைவு.

கரண்டை அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கு போதும். அதன் பக்கத்திலேயே, ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மினுக்கும் என்று எண் போட்டிருக்கும். 3200 என்று இருந்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். 10 தடவை மினுக்க 150 வினாடி ஆனால் அந்த ஃபேன் 75 வாட் இழுக்கிறது. (கணக்கு: 1125-ஐ மினுக்கலால் பெருக்கி, வினாடியால் வகுக்க வேண்டும். மீட்டரில் வேறு எண் இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, 1125-க்குப் பதில் போட்டுக்கொள்ளுங்கள்.) அதே 10 மினுக்கலுக்கு 375 வினாடி ஆனால் 30 வாட், அது கரண்ட் குறைவாக இழுக்கும் புது மோட்டார் போட்ட பிஎல்டிசி ஃபேன். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் முதல் ஃபேன் 67 யூனிட், இரண்டாவது 27. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கினால் செட்-டாப் பாக்ஸையோ, எங்கோ கசியும் வயரிங்கையோ தேடுங்கள். பக்கத்துக் குடித்தனத்து லைன் உங்கள் சப்-மீட்டர் வழியாகப் போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இவ்வளவு பேசினாலும், சாதாரணக் குடும்பத்துக்குக் கரண்ட் பெரிய செலவாளி இல்லை. சிலிண்டரைப் பாருங்கள். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேல் வளையத்திலேயே எழுதியிருக்கும். கொக்கித் தராசில் தூக்கி நிறுத்து, அதைக் கழித்தால் மிச்சம் உள்ள கேஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 14.2 கிலோ 45 நாள் வந்தால் நாளுக்கு 315 கிராம். அந்தக் கேஸில் உள்ள வெப்பத்தைக் கரண்ட் யூனிட்டில் சொன்னால் சுமார் 4. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் முடித்துவிடும் வீட்டில் கரண்ட் நாளுக்கு மூன்று சொச்சம்தான். அடுப்பு அதைவிட அதிகம் தின்கிறது. கரண்ட் பில்லை மட்டும் பார்ப்பவர் வீட்டின் எரிசக்தியில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. வெந்நீருக்கு வாசலில் விறகு எரிகிறதா என்று வேறு கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

உணவுக்கு வருவோம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகம் வீணடித்த உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில். இந்திய வீடுகளுக்கு அது போடும் மதிப்பீடு ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. நான்கு பேர் இருக்கும் வீட்டில் நாளுக்கு 600 கிராம் என்று ஆகிறது. இதைச் சொன்னால் எந்த அக்காவும் சண்டைக்கு வருவார். தோலும் எலும்பும் இந்தக் கணக்கில் சேர்த்தி என்று விளக்கினால் கொஞ்சம் தணிவார்.

கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மிச்சச் சோற்றை நிறுக்கப் போனபோது அந்த வீட்டு ஆயா கேட்டார்: "இன்னா தம்பி, சோத்தையும் நிறுக்கப் போறியா? இப்போ தண்ணி ஊத்திட்டா காலைல அதான் எனக்கு டிபன். இதுல எது வீணு?" எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது. ராத்திரி நிறுத்தால் 700 கிராம் மிச்சம். காலை எட்டு மணிக்கு நிறுத்தால் ஒன்றுமில்லை. வடிகஞ்சியும் காய்த்தோலும் கழனித் தொட்டிக்குப் போய், மாட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். தெருவில் மாடு உள்ள வீட்டுக் குப்பைக்கூடையையும் இல்லாத வீட்டுக் கூடையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

மீன் இன்னும் வேடிக்கை. காசிமேட்டில் வாங்கி அங்கேயே ஆய்ந்து கொண்டுவந்தால் செதிளும் குடலும் மார்க்கெட் குப்பை. நெத்திலியை வீட்டில் ஆய்ந்தால் வீட்டுக் குப்பை. தின்றது ஒன்றுதான், கணக்கு மட்டும் இரண்டு. சங்கராத் தலையைக் கழிவு என்று எழுதுகிறவர் அந்தக் குழம்பைச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

சோற்றை நிறுக்கும்போது இன்னொரு வில்லங்கம்: தண்ணீர். ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ சோறு. கொட்டிய சோற்றை அப்படியே எழுதாமல் அரிசியாகத் திருப்பி எழுதுங்கள். நீரை வடித்துவிட்டு நிறுங்கள். தராசைப் பார்த்ததும் எல்லோரும் அளந்து சமைக்கத் தொடங்குவார்கள், அதனால் முதல் இரண்டு நாள் கணக்கை நான் தள்ளிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை இல்லாத கணக்கும் உதவாது. ஆடியில் கோயில் கூழ் வீட்டுக்கு வரும் வாரங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கரண்டும் உணவும் ஒன்றாக வீணாகும் இடம் ஃப்ரிட்ஜ். ஸ்டார் லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் சோதனைக்கூடத்துக் கணக்கு. மே மாதத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அது எடுபடாது. கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதால் பிளக்கில் மீட்டர் மாட்டி 24 மணி நேரமாவது விட வேண்டும். உள்ளே பின்வரிசையையும் பாருங்கள். சின்ன டப்பாக்களில் பத்து நாள் குழம்பு, புளித்துப்போன மாவு. கொட்டுவதற்கு முன் அவற்றுக்குப் பத்து நாள் கரண்டும் கொடுத்திருக்கிறோம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மீன்குழம்பைச் சுண்டவைத்து மறுநாளே முடித்துவிடுகிறார்கள். ஃப்ரிட்ஜ் வந்தால் வீணாவது குறையும் என்று சும்மா எழுதிவிடக் கூடாது; சில வீடுகளில் குறைகிறது, சில வீடுகளில் குப்பைக்குப் போகும் தேதிதான் தள்ளிப்போகிறது.

இங்கே சேரும் குப்பை கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குத்தான் போகிறது. ஈரக் குப்பை எவ்வளவு என்று தெரியாமல் அங்கே உரமா, எரிவாயுவா, எரிஉலையா என்று பேசுவதில் அர்த்தமில்லை. ஈரம் மிகுந்த குப்பை சரியாக எரியாது. அதனால் படிவம் தயாரிப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: "எவ்வளவு மிஞ்சியது?" என்பதற்குப் பக்கத்தில் "எங்கே போனது?" என்று ஒரு கட்டம் போடுங்கள். அதில் பழையது, மாடு, பக்கத்து வீடு, குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி என்று நான்கு வரி விடுங்கள். ராத்திரி ஒரு தடவை, காலையில் வண்டி வருவதற்கு முன் ஒரு தடவை நிறுங்கள். சப்-மீட்டர் ரீடிங்கையும் அந்தக் காலை நேரத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.