வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

சில்க் போர்டு சிக்னலில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் நிற்கிறது. கியர் ‘டி’யில் (டிரைவ்), கால் பிரேக்கில். சக்கரம் அசையவில்லை, ஆனால் எஞ்சின் கியர்பாக்ஸைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த ஆற்றல் வெப்பமாகி, உள்ளே இருக்கும் சிவப்பு எண்ணெயில் இறங்குகிறது. நிற்கும்போது கொஞ்சம், நின்று நின்று கிளம்பும்போது நிறைய. பெங்களூரு வண்டிக்கு மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றும் தேதியை முடிவு செய்ய முடியாது. ஓசூர் ரோட்டில் ஊர்ந்து கடந்த 40,000 கிலோமீட்டரும் நெடுஞ்சாலையில் பறந்த 40,000 கிலோமீட்டரும் ஒன்றல்ல.

கிளட்ச் பெடல் இல்லாத இந்த வண்டிகளில் எஞ்சினையும் கியரையும் இணைப்பது டார்க் கன்வர்ட்டர். இறக்கைகள் பதித்த இரண்டு கிண்ணங்கள், மூடிய உறைக்குள் எதிரெதிராக. ஒன்று எஞ்சினோடு சுழன்று எண்ணெயை வீசும். அந்த வீச்சில் மற்றது சுழலும். இரண்டுக்கும் நடுவே ஸ்டேட்டர் என்ற சின்னச் சக்கரம், திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றிவிட்டு, வண்டி கிளம்பும் நேரத்தில் திருப்பு விசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களுக்காக உருவாக்கிய ஏற்பாடு இது. இரண்டு கிண்ணங்களுக்கும் இடையே வேக வித்தியாசம் இருக்கும்வரை எண்ணெய் சூடாகும். வேகம் பிடித்த பிறகு லாக்-அப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். நெரிசலில் அந்த வேகம் எங்கே வருகிறது?

எஞ்சின் ஆயிலின் முக்கிய வேலை உராய்வைக் குறைப்பது. ஏ.டி.எஃப். என்று அழைக்கப்படும் கியர்பாக்ஸ் எண்ணெயின் பாடு அவ்வளவு எளிதல்ல. பேரிங்கும் கியர்ப் பல்லும் தேயாமல் இருக்க அது வழுக்க வேண்டும். அதே எண்ணெயில் மூழ்கி, கியர்பாக்ஸுக்குள் கியரை மாற்றித் தரும் கிளட்ச் தட்டுகளோ ஒன்றையொன்று கவ்விப் பிடிக்க வேண்டும். போதாததற்கு, பம்ப் தரும் அழுத்தத்தைச் சுமந்து போய் பிஸ்டன்களைத் தள்ளி அந்தத் தட்டுகளை நெருக்குவதும் அதுவே. சூட்டை ரேடியேட்டர் பக்கம் கடத்துவதும் அதுவே.

முரண்பட்ட இந்த இரண்டு வேலைகளையும் ஒரே திரவம் செய்ய முடிவது உராய்வைச் சீராக்கும் சேர்மங்களால். இவற்றின் மூலக்கூறுகள் ஒரு முனையால் தட்டின் பரப்பில் ஒட்டி மெல்லிய படலமாக நிற்கும். தட்டுகள் உரசிக்கொண்டிருக்கும்போது உராய்வு போதுமான அளவு இருக்கும். அவை ஒரே வேகத்துக்கு வந்து சேரும் கணத்தில் திடீரென்று எகிறாது. சூட்டில் இந்தச் சேர்மங்கள் சிதையும்போது அந்தச் சமநிலை போய்விடுகிறது. தட்டு பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வாக்கில் லேசாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, நல்ல ரோட்டிலேயே வண்டி ஓரிரு விநாடி அதிர்கிறதா? லாக்-அப் கிளட்ச் இப்படித் தடுமாறுவதாக இருக்கலாம். எஞ்சின் மிஸ்ஸிங் என்று நினைத்து ஸ்பார்க் பிளக்கை மாற்றி ஏமாந்தவர்கள் உண்டு.

1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இந்தச் சேர்மங்களின் இடத்தில் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயைக் கலந்துவந்தார்கள். திமிங்கிலங்களைக் காக்கச் சட்டம் வந்த பிறகு வேதியியலாளர்கள் மாற்றுத் தேடி அலைய வேண்டியிருந்தது.

ஆகவே சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்று என்று எடுத்து ஊற்றக் கூடாது. சிவப்பு வெறும் சாயம். எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்துக் காட்டவும் கசிவைக் கண்டுபிடிக்கவும் சேர்த்தது. பல பழைய டொயோட்டாக்களுக்கு டி-4, பல பழைய ஹூண்டாய்களுக்கு எஸ்.பி-3 என்று தர அளவு தனித்தனி. கியர்ப் பற்களுக்குப் பதில் பட்டை ஓடும் சி.வி.டி. வண்டியில் அந்த இரும்புப் பட்டை வழுக்காமல் இருக்க வேண்டும் என்பதால் அதற்கு வேறு திரவம், ஏ.டி.எஃப். ஊற்றினால் கியர்பாக்ஸ் பாழ். மேனுவல் கியர்பாக்ஸிலேயே கிளட்சையும் கியரையும் தானாக மாற்றும் ஏ.எம்.டி. வண்டிகளில் டார்க் கன்வர்ட்டரே கிடையாது, இந்தக் கட்டுரைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

இனி ஃபில்டர். வில்சன் கார்டன் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கி, கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ‘பேனை’க் கழற்றும்போது பார்த்தால் புரியும். உள்ளே அடிப்பகுதியில் ஒரு காந்தம். அதன் மேல் கறுப்பு மை போல ஒரு படலம். விரலில் எடுத்துத் தேய்த்தால் வழவழவென்று இருக்கும், நெருடாது.

“இவ்ளோ கறுப்பா இருக்கேப்பா?”

“அது நார்மல் சார். விரல்ல குத்துற மாதிரி சில்லு வந்திருந்தாதான் பயப்படணும்.”

பையன் சொன்னது சரி. அந்த மை, இரும்பின் மிக நுண்ணிய தேய்மானத் துகள். காந்தம் பிடிக்காத கிளட்ச் தட்டின் நார்த்துகள்களைப் பம்பின் வாயில் உட்கார்ந்திருக்கும் ஃபில்டர்தான் பிடிக்க வேண்டும். சிலவற்றில் ஃபெல்ட், சிலவற்றில் உலோக வலை. அது அடைத்துக்கொண்டால் பம்புக்கு எண்ணெய் போதாது. காற்றையும் சேர்த்து உறிஞ்சி முனகும். அழுத்தம் குறையும், தட்டுகள் நழுவும், நழுவினால் சூடேறும், மேலும் துகள் உதிரும். இந்தச் சுழல் ஒருமுறை தொடங்கிவிட்டால் புது ஆயிலால் நிறுத்த முடியாது. ஃபில்டரும் கேஸ்கெட்டும் ஜே.சி. ரோட்டில் தேடலாம், கார் பெயரோடு கியர்பாக்ஸ் நம்பரையும் குறித்துக்கொண்டு போவது நல்லது. ஹோண்டாவின் பழைய ஆட்டோமேட்டிக் பலவற்றில் இப்படிக் கழற்றும் பேனே இல்லை, வடிக்கும் போல்ட் மட்டும்தான்.

“பழைய வண்டியில ஆயில் மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும், தொடாதீங்க” என்ற அறிவுரையை எல்லோரும் கேட்டிருப்போம். பாதி உண்மை இருக்கிறது. தட்டின் உராய்வுப் பொருள் தேய்ந்து தீர்ந்துவிட்ட கியர்பாக்ஸில், பழைய எண்ணெயில் மிதக்கும் துகள்களே கொஞ்சம் பிடிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அதை வடித்தால் நழுவல் வெளியே தெரியும். ஆனால் பலர் ஆயில் மாற்ற நினைப்பதே கியர் நழுவத் தொடங்கிய பிறகுதான். ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது போகிறது, பழி புது எண்ணெய் மேல். கியர் ஒழுங்காக விழும் வண்டியில், எண்ணெய் பழுப்பாகி இருந்தாலும் மாற்றுவதே சரி என்பது என் கட்சி. தீய்ந்த வாடை அடித்து, கியரும் நழுவினால் முதலில் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

பேனைத் திறந்தால் எல்லா எண்ணெயும் வராது. கணிசமான பங்கு டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். 8 லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் 4 லிட்டர் வடிகிறது என்று வையுங்கள். முதல் முறை பாதி புதிது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றினால் முக்கால். மூன்றாம் முறை 87.5 சதவீதம். அதிக கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவுவதைவிட எனக்கு இந்த நிதானமான வழி பிடிக்கும். ஃபில்டரை முதல் முறை மாற்றினால் போதும்.

வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்ற வேண்டும். பிறகு எண்ணெய் சூடாகும்வரை ஓட்டி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில விநாடி வைத்து, ‘பி’க்கு (பார்க்) கொண்டுவந்து, எண்ணெய் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஹோண்டாவில் அணைத்தவுடன். அதிகமாக ஊற்றினால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்று இருப்பதால் அழுத்தம் நிற்காது, கியர் நழுவும். ஆயில் குறைந்தாலும் இதே அறிகுறிதான் என்பதால், கியர் நழுவுகிறதே என்று இன்னும் அரை லிட்டர் ஊற்றுவதற்கு முன் டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி ஒருமுறை விட்டுப் பாருங்கள்.