ஈரமாக இருக்கும்வரை மண் சாது

ஒருநாள் மாலை பட்டறையைப் பெருக்கி முடித்துப் பூட்டக் கிளம்பும்போது கரண்ட் போய்விட்டது. சாவியைத் தேட செல்போன் டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் போன வழி முழுக்க வெள்ளையாக என்னவோ மிதந்துகொண்டிருந்தது. மேசை சுத்தம், தரை சுத்தம். பெருக்கியது அத்தனையும் காற்றில் இருந்தது. வெளியே போய் டீ குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்து மறுபடி அடித்துப் பார்த்தேன். குறைந்திருந்தது, போகவில்லை. அந்த அறையில்தான் அப்போது 11 வருடமாக, நாளுக்கு 8 மணி நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

நான் செராமிக் சிற்பம் செய்கிறவன். பெரும்பாலும் ஆள் உயரத்தில் பாதி, முக்கால் அளவு உருவங்கள். உள்ளே கூடாக, மண்ணைத் திரித்திரியாக உருட்டி அடுக்கி எழுப்புவது. பட்டறை புதுச்சேரிக்குப் பக்கத்தில். ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்க செராமிக் கலைஞர்கள் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கியதிலிருந்து இந்தக் கடலோரத்தில் ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் கல் மாதிரி இறுகச் சுடுகிற மண்வேலை, ஒரு தொழிலாகவே வேர்விட்டுவிட்டது. இப்போது சென்னை, கோவை அபார்ட்மென்ட் பால்கனிகளில்கூடச் சின்ன கரண்ட் சூளை வைத்து ஆரம்பிக்கிறார்கள். சந்தோஷம்தான். சூளை என்ன விலை, மண்மேல் கண்ணாடி மாதிரிப் பூச்சாக உருகும் கிளேஸ் பொடி எங்கே கிடைக்கும் என்று என்னிடம் விசாரிக்கிறார்கள். தரையை எதால் துடைப்பது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஈர மண்ணைத் தொட்டுப் பிசைவதால் நுரையீரலுக்கு ஒன்றும் வராது. காய்ந்து பொடியானால்தான் வினை. ஏறக்குறைய எல்லாக் களிமண்ணிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. போதாததற்கு ஸ்டோன்வேர் கலவையிலும் கிளேஸிலும் நாமே மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறோம். குவார்ட்ஸ் என்றால் படிகச் சிலிக்கா. எங்கள் ஆட்களுக்கு 573 டிகிரி மனப்பாடம். அந்தச் சூட்டில் குவார்ட்ஸ் படிகம் சட்டென்று விரியும், மெல்ல ஏற்றாவிட்டால் சிற்பம் விரிசல் விடும். முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்தார்கள். அதே குவார்ட்ஸ் நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்பதை நான் படித்த இடத்தில் யாரும் சொல்லவில்லை.

தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன்; மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 5 மைக்ரானுக்கும் சிறிய குவார்ட்ஸ் துகள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரைக்கும் போய்விடும். அங்கே காவலுக்கு இருக்கிற செல் அதை விழுங்கும். செரிக்காது. செல் செத்துத் துகளைத் திரும்ப வெளியே விடும். இன்னொரு செல் வந்து விழுங்கும். இது நடக்கிற இடமெல்லாம் தழும்பு கட்டும். தழும்பு கட்டிய நுரையீரல் பழையபடி விரியாது. இதுதான் சிலிக்கோசிஸ். குணமாக்க மருந்து கிடையாது, வேலையை விட்ட பிறகும் சிலருக்கு வளர்ந்துகொண்டே போகும். காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும். படிகச் சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது.

குவார்ட்ஸ் அரைக்கிற ஆலையிலும் கல் உடைக்கிற இடத்திலும் நிற்பவர்களுக்கு இருக்கிற ஆபத்தோடு ஒப்பிட்டால் நம்முடையது சிறிது. அவர்களுக்குச் சில வருடங்களிலேயே வந்துவிடுகிறது. நமக்குப் பெரும்பாலும் 10, 20 வருடம் பிடிக்கும். அந்தத் தாமதம்தான் நம்மை ஏமாற்றுகிறது. 30 வயதில் இருமல் இல்லை என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் பாத்திரம் வெள்ளையாக வருவதற்காகச் சிக்கிமுக்கிக் கல்லைச் சுட்டு இடித்துக் களிமண்ணில் கலந்தார்கள். இடித்தவர்கள் தூசியில் செத்துக்கொண்டிருந்தார்கள். தாமஸ் பென்சன் என்பவர் 1726-இல் அந்தக் கல்லைத் தண்ணீரோடு சேர்த்து அரைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த ஊர்த் தொழிலாளிகளின் பேச்சில் இந்த நோய்க்கு ‘பாட்டர்ஸ் ராட்’ என்றே பெயர். தண்ணீர் என்ற வைத்தியம் தெரிந்து ஏறக்குறைய 300 வருடம் ஆகிறது, நாம் இன்னும் விளக்குமாற்றை எடுக்கிறோம்.

என் கெட்ட பழக்கம் உப்புத்தாள். ஆரம்ப காலத்தில் என் உருவங்களின் தோல் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். 100 செ.மீ. உயரத்தில் எழுப்பினால் காய்ந்து சுட்ட பிறகு 88, 90 செ.மீ. ஆகிவிடும், அந்தச் சுருக்கத்தில் தெரியப்போகிற மேடு பள்ளத்தை எல்லாம் சூளைக்கு முன்பே தேய்த்துவிட நினைப்பேன். எலும்பாகக் காய்ந்த சிற்பத்தின் முன் உட்கார்ந்து மூன்று நாள், நான்கு நாள் தேய்ப்பு. முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் முகம். மூக்கில் கைக்குட்டை. மாலையில் புருவம் நரைத்திருக்கும், சிரிப்போம்.

அப்போது என்னோடு வேலைக்கு வந்தவர் அறந்தாங்கிப் பக்கத்து வேளார் குடும்பத்துக்காரர். பரம்பரையாக அய்யனார் குதிரை செய்கிறவர்கள். ஒரு வாரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏன் தம்பி காயவச்சுச் சொரண்டுறீங்க?” என்றார். வழவழப்பு வேண்டுமே அண்ணே என்றேன். “அப்பா குருதய காயறதுக்குள்ள ஈரத்துணியால வழிச்சே முடிச்சிருவாரு. காஞ்சப்புறம் அதத் தொட்டா திட்டுவாரு” என்றார். அவர் கவலை தூசி அல்ல. காய்ந்தும் சுடாமல் இருக்கிற மண் தட்டினால் உடையும், அதற்காகத்தான் அந்தத் திட்டு. ஆனாலும் அந்தக் குதிரைகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மணலும் உமியும் கலந்து மிதித்த மண். நான்கு கால் தூண்கள், மேலே கூடான வயிறு, கழுத்து. ஆள் உயரத்தைத் தாண்டியும் நிற்கிறது. எல்லாமே ஈரத்திலும் பாதி காய்ந்த பதத்திலும் முடிகிற வேலை.

உப்புத்தாளை விட எனக்கு ஒரு வருடம் ஆனது. இப்போது மண் பாதி காய்ந்த பதத்தில், விரல் அழுத்தினால் லேசாகப் பதியும் நேரத்தில், வளைகிற உலோகத் தகட்டால் சீவுகிறேன். சீவல் சுருள் சுருளாக விழும், பொடி பறக்காது. அதற்கு மேல் பிழிந்த ஸ்பாஞ்ச். முதல் சூட்டுக்குப் பிறகு இழைத்தே ஆக வேண்டிய இடம் இருந்தால் பெயின்டர்கள் வைத்திருக்கும் வாட்டர் பேப்பர், தொட்டித் தண்ணீரில் நனைத்து நனைத்து. சூளைத் தட்டில் ஒட்டிய கிளேஸைத் தேய்த்து எடுப்பதும் தண்ணீரோடுதான். முட்டை ஓடு போய்விட்டது. தகடு போன தடம் தோலில் தங்குகிறது. என் பழைய வேலைகளைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது என்பது தனிக்கதை.

அடுத்த எதிரி சீலிங் ஃபேன். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்து என்றால் அடிக்க வருவார்கள், தெரியும். ஆனால் தரையில் காய்ந்த சேறும் தலைக்கு மேல் ஃபேனும் சேர்ந்தால் பெருக்கவே வேண்டாம், தானாகவே நாள் முழுக்கக் காற்றில் சுற்றும். சிற்பத்துக்கும் கெடுதல், காற்றுப் படுகிற பக்கம் முந்திக் காய்ந்து தோளும் கழுத்தும் சேரும் இடத்தில் விரிசல் விடும். தரையை ஈரமாக வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் மட்டும் ஃபேன் போடுங்கள். இல்லையென்றால் ஜன்னலில் வெளியே தள்ளுகிற எக்ஸாஸ்ட்.

தரைக்கு வருவோம். நம் வீட்டில் வாசலைத் தண்ணீர் தெளித்துத்தானே பெருக்குவார்கள், அதையே செய்தால் போதாதா என்று நானும் நினைத்தேன். போதாது. தெளித்த தண்ணீர் பெரிய தூசியை அடக்கும். கண்ணுக்குத் தெரியாத பொடி விளக்குமாற்று வீச்சில் எழத்தான் செய்யும். பட்டறைக்கு ஈர மாப்பு, இரண்டு வாளி: ஒன்றில் அலச, ஒன்றில் நல்ல தண்ணீர். அழுக்கு வாளியை சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். அப்படியே தெளியவிட்டு அடிச்சேற்றை எடுத்துவிடலாம். வீட்டு வாக்குவம் கிளீனர் நுண்ணிய தூசியைப் பின்பக்கம் ஊதிவிடும், நுண்ணிய தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளது என்றால் பரவாயில்லை. கிளேஸ் கலக்கும்போது பொடி மேல் தண்ணீரை ஊற்றாமல் தண்ணீருக்குள் பொடியை மெல்ல இறக்குங்கள். மூட்டையை உயரத்திலிருந்து கவிழ்க்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு என்95 மாஸ்க் கட்டாயம். தாடி இருந்தால் ஓரமாகக் கசியும். சர்ஜிக்கல் மாஸ்க்கும் என்னுடைய பழைய கைக்குட்டையும் ஒன்றுதான். வேலை ஏப்ரனை உதறாமல் நேராகத் தண்ணீரில் போடுங்கள். பால்கனியில் உதறினால் பக்கத்து வீட்டுக் கொடிக்குப் போகும், பாதி உங்கள் ஹாலுக்கே திரும்பும்.

சூளை விஷயம் தனியாக எழுத வேண்டியது, இங்கே சுருக்கமாக. கேஸ் சூளையில் ஆக்சிஜனைக் குறைத்துச் சுடும்போது கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை கிடையாது. தலைவலி வந்தால் வேடிக்கை பார்க்காமல் வெளியே போங்கள். சிற்பிகளுக்குப் பிடித்த அந்தக் கறுப்புக்காக மாங்கனீசு டைஆக்சைடைத் தாராளமாகப் போடுவோம்; அதன் புகையும் தூசியும் நரம்பைத் தாக்கும், பார்க்கின்சன் போன்ற நடுக்கம் வரும். ஈயம் கலந்த கிளேஸைப் பட்டறைக்குள் விடவே வேண்டாம். சிற்பத்துக்குத்தானே என்று வாங்கி வைத்தது ஒருநாள் யாராவது மாணவர் கையால் ரசம் ஊற்றும் கிண்ணத்தில் ஏறும், புளிப்பு ஈயத்தை இழுக்கும். படுக்கை அறையை ஒட்டிய பால்கனியில் கரண்ட் சூளையா? சுடும்போது அந்த அறையில் தூங்காதீர்கள்.

டார்ச் அடித்த அந்த வாரத்துக்கு அடுத்த வாரம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன வேலை என்று கேட்டார்கள், சிற்பம் என்றேன். ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று எழுதிக்கொண்டு நெஞ்சைக்கூடத் தட்டிப் பார்க்காமல் அலர்ஜி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். தப்பு பாதி என்னுடையது. நம் நாட்டில் சிலிக்கோசிஸைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது, வேலை என்னவென்று சரியாகச் சொல்லாததாலும் சரியாகக் கேட்காததாலும். இரண்டாவது முறை வேறு டாக்டர். உட்கார்ந்ததும், “மண்பொடியிலும் குவார்ட்ஸ் பொடியிலும் 11 வருஷமா வேலை பார்க்கிறேன், சார்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். எக்ஸ்ரே, மூச்சை ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி இரண்டுக்கும் எழுதிக் கொடுத்தார். படத்தில் ஒன்றும் இல்லை. அதை ஒரு உறையில் போட்டுப் பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன். பிறகு எடுத்த படங்களும் அதே உறையில், தேதி எழுதி. அடுத்தது வருகிற தை மாதம்.