‘கிளீன் பண்ணினா பல்லு ஆடும் டாக்டர்!’

இரண்டு வாரத்துக்கு முன் வந்த ஸ்பிட்ஸ் நாய்க்கு வயது 9. வலது கண்ணுக்குக் கீழே கோலிக்குண்டு அளவு வீக்கம். அது உடைந்து வழிந்த சீழ் வெள்ளை முடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. தெருநாய் பிறாண்டியிருக்கும் என்று நினைத்து, மூன்று மாதமாக மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை இருக்கும்வரை ஆறும், நிறுத்தினால் மறுபடி உடையும். கண்ணைப் பார்த்துவிட்டு மேலுதட்டைத் தூக்கினேன். பெரிய கடைவாய்ப் பல் இருக்க வேண்டிய இடத்தில் பல்லே தெரியவில்லை, அழுக்குப் படிந்து இறுகி, பழுப்பும் பச்சையுமாக ஒரு கல்தான் இருந்தது. ஈறை லேசாக அழுத்தியதும் சீழ் வந்தது. அந்தப் பல்லின் வேர் போய் முடிகிற இடம் கண்ணுக்கு நேர் கீழே.

இந்த மாதத்தில் இது நான்காவது. இதே நாய்க்கு இரண்டு வருடத்துக்கு முன்பே ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த கல்லை எடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லிச் சீட்டில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அதை வளர்ப்பவர் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “வேணாம் டாக்டர். எனக்கு கிளீன் பண்ணப் போய்த்தான் நல்லா இருந்த பல்லு ரெண்டு ஆட ஆரம்பிச்சுது. வாயில்லா ஜீவன், இதுக்கும் அந்தக் கஷ்டம் எதுக்கு?” அலட்சியத்தில் சொன்னதில்லை, பாசத்தில் சொன்னது. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

மாட்டு டாக்டருக்கு மனுஷன் பல்லில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நோய் ஒன்றுதான். மனிதர் ஈறை அரிப்பதில் போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற கிருமிக்குப் பெரிய பங்கு உண்டு. நாய் வாயில் இருப்பது அதன் பங்காளி, போர்ஃபிரோமோனாஸ் குலே. உங்கள் வாயைப் பற்றி நீங்கள் நம்புவதுதான் உங்கள் நாயின் வாய்க்கும் விதியாகிறது. ஆகவே இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஸ்கேலிங் பல்லை ஆட்டாது. மின்கம்பத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது என்று வையுங்கள். அந்தப் பள்ளத்தில் குப்பை அடைத்துக்கொண்டு கம்பத்துக்கு முட்டுக் கொடுத்தது போல நிற்கிறது. நகராட்சி ஆள் வந்து குப்பையை அள்ளுகிறார், கம்பம் ஆடுகிறது. ஆட்டியது அவரா? பல்லைப் பிடித்திருப்பது தாடை எலும்பு. கல்லுக்கு அடியில் கிருமிகள் குடியிருக்க, அந்த வீக்கத்தில் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கல் எடுத்த அன்றைக்குத்தான் அது உங்கள் நாக்குக்குத் தெரியவருகிறது. பல்லுக்கு நடுவில் ‘சந்து விழுந்தது’ என்பதும் இதேதான். வீங்கியிருந்த ஈறு வற்றுகிறது, கல் அடைத்திருந்த இடம் காலியாகிறது. சில நாள் கூச்சம் இருக்கும், போய்விடும். எனாமலைச் சுரண்டிவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். பழகிய கையில் அந்தக் கருவி அதிர்ந்து கல்லை உதிர்க்கும், அவ்வளவுதான். ‘ஒருமுறை பண்ணினால் பண்ணிக்கொண்டே இருக்கணும்’ என்பார்கள். தலைமுடியை வெட்டினால்கூட மறுபடி வளரத்தான் செய்கிறது. அதற்காக யாரும் வெட்டாமல் விடுகிறோமா?

ஈறு சிவந்து ரத்தம் கசிகிற கட்டத்தில் பிடித்துவிட்டால் முழுதாகச் சரியாகும். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவர், ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்க வைத்துப் பார்த்தார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் ஒரு வாரம் போல ஆகி ஈறு பழையபடி ஆனது. ஆனால் எலும்பு கரைந்த பிறகு அது தானாகத் திரும்பி வளராது. அதற்கு மேல் மோசமாகாமல் நிறுத்தலாம், அதுதான் சிகிச்சை.

நாய்க்கு அவகாசம் இன்னும் குறைவு. அதன் எச்சிலில் காரத்தன்மை அதிகம். அதனால் சொத்தைப் பல் அபூர்வம், ஆனால் பல்மேல் படியும் பிசுக்கு இரண்டு மூன்று நாளில் கல்லாக இறுக ஆரம்பித்துவிடும். ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேய்க்கிறோம்’ என்பவர்களுக்கு இதுதான் பதில். சின்ன இன நாய்களுக்கு அதே 42 பல்லும் குட்டித் தாடையில் நெருக்கியடித்து நிற்கும். கீழ்த்தாடை எலும்பு அரித்து, சோபாவிலிருந்து குதித்ததில் தாடை முறிந்து வந்த பொமரேனியனையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ‘நாய் வாய் நாறத்தான் செய்யும்’ என்று சொல்லாதீர்கள். நாறினால் நோய்.

அடுத்தது, நாய்க்கு ஸ்கேலிங் செய்யும்போது கொடுக்கிற மயக்க மருந்து. பயம் நியாயமானது, ஆபத்து துளியும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ரத்தப் பரிசோதனை, இதயம் எல்லாம் பார்த்துத்தான் கொடுக்கிறோம். குளிப்பாட்டி முடிவெட்டும் இடங்களில் மயக்கமில்லாமல் சுரண்டிவிடுகிறார்களே, அது வெள்ளையடிப்பு. நோய் ஈறுக்கு அடியில் இருக்கிறது. விழித்திருக்கும் நாய் அங்கே கருவியை விடுமா? மயக்கத்தில் மூச்சுக்குழாயில் குழாய் போட்டிருப்பதால் தண்ணீரும் கல்தூளும் நுரையீரலுக்குப் போகாது.

எலும்பு கொடுத்தால் பல் சுத்தமாகும் என்று கெட்டி எலும்பைப் போடாதீர்கள். அந்தக் கடைவாய்ப் பல் பிளந்து வருவது பெரும்பாலும் அப்படித்தான். மனிதப் பேஸ்ட் கூடவே கூடாது. அதில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருந்தால் நாய்க்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், கல்லீரலும் கெடும். பூனைக்குப் பல்வலி என்று பாராசிட்டமால் கொடுப்பவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும்.

தேய்ப்பது நினைப்பதுபோலக் கஷ்டமில்லை. வாயைத் திறக்க வேண்டாம். உதட்டைத் தூக்கி, வெளிப்பக்கம் மட்டும். முதல் வாரம் விரலில் ஈரத்துணி சுற்றித் தடவுங்கள், பிறகு சின்ன மெத்து பிரஷ், நாய்க்கான பேஸ்ட். தினமும் ஒரு நிமிஷம். குட்டியிலேயே பழக்கினால் அதுவே வந்து உட்காரும். முகத்தை முன்காலால் தேய்த்தாலோ, ஒரு பக்கமாகவே மென்றாலோ, காரணமில்லாமல் தும்மினாலோ வாயைப் பாருங்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. ரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் துலக்காமல் விடாதீர்கள், அங்கேதான் மெதுவாகத் துலக்க வேண்டும். உப்பு, உமிக்கரி போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் கசியாது, அதை நம்பி ஏமாற வேண்டாம். சர்க்கரை இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் வருவது கஷ்டம்.

ஸ்பிட்ஸுக்கு 11 பல் எடுக்க வேண்டியிருந்தது. பத்தாம் நாள் கூட்டிவந்தவர், “ராத்திரி தட்டைக் காலி பண்ணுது டாக்டர், இத்தனை நாள் வலியோடவா இருந்துச்சு?” என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவருக்கு 12 வருடமாகச் சர்க்கரை. நான் வற்புறுத்தியதால் ஈறு மருத்துவரைப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆடுகிற இரண்டு பல்லையும் சுற்றி எலும்பு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. நாயின் எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.