ஜியோரெஃபரன்சிங்: தமிழில் ‘புவியிடம் குறித்தல்’

உலர்ந்த செடி ஒட்டிய ஹெர்பேரியத் தாளின் மூலையில் ‘நாகமலை, மதுரை ஜில்லா’ என்று மட்டும் எழுதிய லேபிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எழுத்தைக் கணினி வரைபடத்தில் வைக்கத்தக்க எண்ணாக மாற்றும் வேலைக்குப் பெயர் ஜியோரெஃபரன்சிங். அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். ‘இந்தப் புள்ளியைச் சுற்றி இத்தனை மீட்டருக்குள்’ என்ற ஆரமும் வேண்டும்.

‘ஜியோ’ நிலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘ரெஃபரன்ஸ்’ லத்தீன் ‘ரெஃபெர்ரே’யின் வழி வந்தது: திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பொருள். ஜிஐஎஸ் (புவித் தகவல் அமைப்பு) துறையில் ஸ்கேன் செய்த பழைய வரைபடத்தை ஆயத்தொலைவுகளோடு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு) பொருத்துவதற்கும் இதே சொல்தான். பல்லுயிர்த் தரவில் நாம் பொருத்துவது படத்தை அல்ல, ஓர் இடத்தைப் பற்றிய வாசகத்தை. ஆகவே படத்துக்கு ‘வரைபடம் பொருத்துதல்’, வாசகத்துக்கு ‘புவியிடம் குறித்தல்’ என்று பிரித்துக்கொள்வது நல்லது.

‘புவிசார் குறியீடு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது. 2013ல் மதுரை மல்லிக்குக் கிடைத்தது புவிசார் குறியீடு, அதாவது ஜிஐ டேக். மல்லிகை இனங்களின் தரவுத்தளத்தில் ‘புவிசார் குறியீடு உள்ள பதிவுகள்’ என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? ‘புவியிடம் குறித்தல்’ வினையாகவும் வளைந்து கொடுக்கும்: குறித்த பதிவு, குறிக்காத பதிவு, தவறாகக் குறித்த பதிவு. எண் இல்லாமல் இடத்தைச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. கல்வெட்டில் ‘பெருநான்கெல்லை’, கிரயப் பத்திரத்தில் ‘செக்குபந்தி’. லேபிளில் எல்லை நான்கும் இருப்பதில்லை, தொல்லை அங்கேதான்.

முதல் விதி: லேபிளில் உள்ளதை உள்ளபடியே தட்டச்சு செய்து தரவு அட்டவணையில் தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) வைக்க வேண்டும். பல்லுயிர்ப் பதிவுகளைப் பகிர்வதற்கென 2009ல் தரமாக ஏற்கப்பட்ட டார்வின் கோர் வடிவத்தில் இதற்கு ‘வெர்பேட்டிம் லொகாலிட்டி’ என்று பெயர். எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தக் கூடாது. நம் விளக்கம், ஆயத்தொலைவு, ஆரம், பயன்படுத்திய வரைபடம், குறித்தவர், தேதி எல்லாம் வேறு பத்திகளில் போகும். நாளை ஒருவர் நம் முடிவை மறுக்க வேண்டுமானால் மூலம் கையில் இருக்க வேண்டும்.

அடுத்து ஊர்ப்பெயர். ‘புதுக்கோட்டை, மதுரை’ என்ற லேபிளைத் தானியங்கி மென்பொருளிடம் கொடுத்தால், அது மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்விடும். சேகரித்தவர் நின்றதோ நாகமலைப் புதுக்கோட்டையாக இருக்கலாம். வித்தியாசம் ஏறத்தாழ 100 கி.மீ. ‘நாகமலை’ என்று மட்டும் இருந்தாலும் ஊரா, நீண்டு கிடக்கும் மலைத்தொடரா என்று தெரியாது. தொடர் என்று கொண்டால் புள்ளியை அதன் நடுவில் வைத்து, ஆரம் கடைசி முனை வரை எட்டும்படி எழுத வேண்டும். வெளிநாட்டு அருங்காட்சியகத்திலிருந்து இதைச் செய்பவருக்கு இந்தச் சந்தேகமே வராது. குறிக்கும் வேலை இந்த ஊர்க்காரர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

‘மதுரை ஜில்லா’ இன்னும் வில்லங்கம். 1910க்கு முன் ராமநாதபுரம் கடற்கரையும் அதில் அடக்கம். 1985ல் திண்டுக்கல் பிரிந்தது, பிறகு தேனி. சிறுமலையும் கொடைக்கானலும் பழைய லேபிள்களில் மதுரைதான். சேகரித்த ஆண்டைப் பார்க்காமல் இன்றைய மாவட்ட எல்லையை வைத்து ‘பிழை’ என்று பதிவை ஒதுக்கினால், சோலைக்காட்டுச் செடிகள் பல காணாமல் போகும்.

திசையும் ஏமாற்றும். ‘மதுரைக்கு வடக்கே 10 கி.மீ.’ என்பதில் ‘வடக்கு’ வடமேற்குக்கும் வடகிழக்குக்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம், இருபுறமும் 45 பாகை. இதனால் மட்டுமே 7.65 கி.மீ. ஐயம் வருகிறது. கோயிலிலிருந்து அளந்தாரா, பஸ் ஸ்டாண்டிலிருந்தா, சாலைவழியா, நேர்க்கோடா என்பவை அதற்கு மேல்.

எண்ணில் வரும் பிழைகளில் அதிகம் பார்ப்பது பாகை-கலைக் குழப்பம் (ஒரு பாகைக்கு 60 கலை). மதுரை 9°55′ வடக்கு, 78°07′ கிழக்கு. கலையை 60ஆல் வகுக்காமல் 9.55, 78.07 என்று எழுதினால் புள்ளி 40 கி.மீ. தெற்கே, விருதுநகர் பக்கத்துக் கரிசலில் விழும். சரியான எண் 9.917, 78.117. இரண்டு எண்ணும் இடம் மாறினால் ஸ்வால்பார்டுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் மதுரைச் செடி முளைக்கும். இது பார்த்த உடனே தெரிந்துவிடும். 40 கி.மீ. பிழைதான் கண்ணுக்குத் தப்புவது, இரண்டும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருப்பதால்.

பழைய டோப்போ ஷீட்டிலிருந்து (நில அளவை வரைபடத்திலிருந்து) எடுத்த எண் எவரெஸ்ட் கோளவடிவை ஒட்டியது, கைபேசி தருவது டபிள்யூஜிஎஸ் 84. பூமியின் வடிவத்துக்கு இரண்டும் வேறு வேறு கணக்கு. மாற்றாமல் கலந்தால் நூறு, இருநூறு மீட்டர் தள்ளிப்போகும். எந்தக் கணக்கு என்று சொல்லும் ‘ஜியோடெட்டிக் டேட்டம்’ பத்தியைக் காலியாக விடாதீர்கள்.

இன்று நேரில் எடுக்கும் பதிவுக்கு ஜிபிஎஸ் திரையில் காட்டும் துல்லியத்தையே ஆரமாக எழுதலாம். வெட்டவெளியில் 5 முதல் 10 மீட்டர் இருக்கும், பாறை மறைவில் ஏறும். தசமத்தில் நான்கு இலக்கம் போதும், அது சுமார் 11 மீட்டர். எட்டு இலக்கம் எழுதுவது வீண் பெருமை.

2022ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி போன்ற இடத்தில், பாறையில் கூடு கட்டும் வல்லூறின் துல்லியமான புள்ளியைப் பொதுவெளியில் போடக் கூடாது. மூலத்தை நிறுவனத்துக்குள் வைத்துக்கொண்டு, வெளியிடும் பிரதியில் 0.1 பாகைக்கு, அதாவது 11 கி.மீ. அளவுக்குப் பொதுமைப்படுத்தலாம். அப்படிச் செய்திருப்பதாக ‘டேட்டா ஜெனரலைசேஷன்ஸ்’ பத்தியில் எழுதி, ஆரத்தையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். எழுதாவிட்டால், அடுத்து இந்தத் தரவை எடுப்பவர் அந்தக் கட்டத்தின் நடுவில்தான் கூடு இருக்கிறது என்று வைத்துப் பறவையின் பரவலைக் கணித்துவிடுவார்.